பன்னிரண்டாவது விண்ணப்பம்

காலை ஆறே முக்காலுக்கு மறைமலைநகர் கம்பெனி பஸ் வந்து நின்றால், முதலில் இறங்குகிறவர் எதிரே லட்சுமணன் நிற்பார். நைட் ஷிப்ட் முடிந்து வருகிற அப்பன்மார்தான் அவருக்கு வேண்டியவர்கள். கக்கத்தில் விண்ணப்பக் கட்டு. கையில் மாணவர்கள் லேத்தில் கடைந்த எஃகுத் தூக்குக்குண்டு, கொத்தனார் சுவருக்கு நேர் பார்ப்பது; அதில் முகம் பார்க்கலாம். அதை எதிராளியின் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார்.

“மச்சான், புள்ள புடிக்கிறவரு நிக்கிறாரு பாரு” என்று பஸ்ஸுக்குள்ளிருந்தே குரல் வரும்.

“சிரிச்சிக்கோ. எங்கிட்ட படிச்சவன் பதினேழு பேரு உங்க கம்பெனி உள்ள கீறான்” என்பார் லட்சுமணன்.

அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு மெஷினிஸ்ட் பிரிவுக்கு அவர் தற்காலிக ஆசிரியர். இரும்பைக் கண்ணால் பார்த்தே அளவு சொல்லுவார். இந்த வட்டாரத்தில் அப்படி மூன்று பேர் இருந்தால் அதிகம், இதை எழுதுகிறவனையும் சேர்த்து. இரண்டாயிரத்து மூன்று ஜூன் முடிவதற்குள் பன்னிரண்டு பையன்கள் சேராவிட்டால் பிரிவை மூடிவிடுவார்கள். நாலு லேத்தும் காயலான் கடைக்கு, லட்சுமணன் வீட்டுக்கு.

மெஷின் ஓட்டுகிறவர்கள்தான் முதலில் மறுப்பார்கள். “எங்கப்பன் அடுத்தவன் சேத்துல நின்னான், நான் ஆயில்ல நிக்கிறேன். எம்புள்ள நாற்காலில குந்தட்டும் சார்” என்று மாதத் தொடக்கத்தில் தூக்குக்குண்டைத் திருப்பிக் கொடுத்தவர் பிரஸ் ஆபரேட்டர் ஆபிரகாம். மகன் ஜெபக்குமார் பத்தாவதில் நானூற்றுப் பத்து. கம்ப்யூட்டர் பிரிவில்தான் சேருவானாம். லட்சுமணன் குண்டை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார்.

கடைசி நாள். கையில் பதினொரு பெயர். ஆபிரகாம் பஸ்ஸிலிருந்து இறங்கவில்லை, தெருப்பக்கமிருந்து நடந்து வந்தார். வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு.

“இன்னா அண்ணாத்த இது?”

“பிரஸ்ல பூட்ச்சி. நாலு வெரலு. நான் கான்ட்ராக்டு ஆளாம், வர வேணான்ட்டான்.” அடுத்தவன் சங்கதியைச் சொல்வதுபோல் சொன்னார். “ரெண்டு வருசத்துல சம்பாதிக்கிற படிப்புன்னியே சார். எம்புள்ள பேரப் போடு.”

“பையன் இன்னா சொல்றான்?”

“அழுதுகினு கீறான். நீ போடு.”

பதினேழு பேர் கதை அன்று லட்சுமணன் வாயில் வரவில்லை. பெயரையும் மார்க்கையும் மெல்ல எழுதினார். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் ஆபிரகாம் இடது கையால் பேனாவை வாங்கி, ஒரு கோடு இழுத்துப் பார்த்து, நிறுத்திவிட்டார். லட்சுமணன் பேனாவைக் கழற்றி, அந்த இடது கட்டைவிரலில் மையைத் தடவி, தாமே பிடித்துக் காகிதத்தில் அழுத்தினார்.

பிறகு தம் வெள்ளைச் சட்டையின் நுனியை இழுத்து அந்த விரலைத் துடைக்கத் தொடங்கினார்.

“வுடு சார், போதும்” என்றார் ஆபிரகாம்.

லட்சுமணன் விடவில்லை.