வேம்புவின் கையைப் பற்றி எழுதியவர்கள்

பாண்டிச்சேரி ரெட்டியார்பாளையத்தில் செருப்புக்கடை ஒன்றின் மாடியில் ராஜாங்கத்தின் மசாஜ் நிலையம் இருந்தது. வேம்பு அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். வம்பாகீரப்பாளையத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவோடு மீன்கூடை தூக்கியவள். புருஷன் முத்துவேல் கேரளப் பக்கம் விசைப்படகு வேலைக்குப் போனவன், அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். கைக்குழந்தையோடு நின்றவளை, வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோகும் ஓர் ஆயுர்வேத நிலையத்தில் கூட்டித் துடைக்கச் சேர்த்துவிட்டார்கள். கூட்டப் போனவள் எண்ணெய் காய்ச்சக் கற்றுக்கொண்டாள். பிறகு தோள், முதுகு, முழங்கால் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துவிடக் கற்றுக்கொண்டாள். கொரோனாவில் வெள்ளைக்காரர்கள் வரத்து நின்று அந்த நிலையம் மூடிப்போகவே, தெரிந்த தொழிலைத் தேடிக்கொண்டு ராஜாங்கத்திடம் வந்தாள்.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மகள் இனியாவிடம் அதை அவள் மறைத்ததில்லை. ப்ளஸ் டூ படித்த இனியா, பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், "எங்கம்மா தெரபிஸ்ட்" என்று சொல்லிக்கொள்வாள்.

வாடிக்கையாக வருபவர்களில் கலியமூர்த்தி ஒருவர். கோரிமேட்டுப் பக்கம் வீடு. அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வலது தோள் இறுகிப்போய்க் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் இருந்தார். வாரா வாரம் வருவார். ஒரு நாள் படியேறி வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

"வேம்பு, இன்னிக்கு நானே சட்ட போட்டுக்கிட்டேம்மா. வீட்டுக்காரியக் கூப்புடல."

"அப்ப இனிமே வரமாட்டீங்களாக்கும்," என்றாள் வேம்பு.

"வராம எங்க போறது? இரு, ஒன்னப் பத்தி நாலு வார்த்தை எழுதறேன். ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

வேம்பு சீருடைத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, எண்ணெய்க் கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டு, நேராக நின்றாள். அவர் இணையத்தில் நிலையத்தின் பக்கத்தைத் திறந்து, அந்தப் படத்தோடு இப்படி எழுதினார்: 'வேம்பு என்கிற பெண்மணி மிகுந்த பொறுமைசாலி. கைராசிக்காரர். எனக்கு முழுத் திருப்தி அளித்தார். இங்கு செல்பவர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கேட்கவும்.'

வரவேற்பு மேசையில் இருந்த தேவிப்பிரியா அதை உரக்கப் படித்துக் காட்டினாள். வேம்பு இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். வீட்டுக்குப் போய் இனியாவிடமும் காட்டினாள். "போட்டோல நல்லா இருக்கம்மா," என்றாள் இனியா.

சில நாள் கழித்துத் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. எடுப்பவள் தேவிப்பிரியா. ஆண்குரல்கள். "வேம்பு இருக்காங்களா?" என்று தொடங்கும். அப்புறம் ஒரு சிரிப்பு. "முழுத் திருப்தியாமே?" என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் கேட்டதை அவள் வேம்புவிடம் சொல்லவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

விஷயம் என்னவென்று தேவிப்பிரியாதான் கண்டுபிடித்துச் சொன்னாள். பாண்டியில் எந்தப் பார்லருக்குப் போகலாம், எங்கே எந்தப் பெண் எப்படி என்று போனவர்கள் பேசிக்கொள்வதற்கென்றே செல்போனில் ஒரு குழு இருந்தது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சனி ஞாயிறு குடிக்க வருபவர்கள் பலர் அதில் இருந்தார்கள். ஓட்டல் அறைக்கும் பீர் விலைக்கும் கருத்துச் சொல்வது போலவே பெண்களுக்கும் கருத்துச் சொன்னார்கள். கலியமூர்த்தி எழுதியதை யாரோ படம்பிடித்து அங்கே போட்டிருந்தான். கீழே, 'பெருசே திருப்தின்னு சொல்லுதுன்னா பாத்துக்கங்க' என்று ஒருவன். 'ஆன்ட்டிதான், ஆனா கை சூப்பர்' என்று இன்னொருவன். அவன் வேம்புவைப் பார்த்ததுகூட இல்லை. 'நான் போயிருக்கேன். முதல்ல தெரியாத மாதிரி நடிப்பா. விடாம கேக்கணும்' என்று மூன்றாமவன்.

வேம்பு அதை நிதானமாகப் படித்தாள். மூன்றாமவன் எழுதியதை இன்னொரு முறை படித்தாள். சில நாளாக வருகிற ஆண்கள் விடாமல் கேட்பது ஏன் என்று இப்போது விளங்கியது. அந்த வாரம் மட்டும் எத்தனை பேர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்கள்! "கைய எடுங்க சார்" என்று சொன்னால், "எல்லாம் தெரியும், நடிக்காத" என்றார்கள்.

ராஜாங்கத்திடம் போய் நின்றாள். அவன் கெட்டவன் என்று அதுவரை அவள் நினைத்ததில்லை. சம்பளத்தை ஒழுங்காகக் கொடுப்பவன். பொங்கலுக்குப் புடவை எடுத்துத் தருபவன்.

"அண்ணே, அந்தப் போட்டோவ எடுத்துருங்க. என் பேரையும் எடுத்துருங்க."

"அது கஸ்டமர் போட்டது. நான் எப்புடிம்மா எடுக்கறது?"

"புகார் குடுத்தா எடுப்பாங்களாம். தேவி சொல்லுது."

ராஜாங்கம் சிரித்தான். "வேம்பு, நாயா பேயா அலைஞ்சாலும் கெடைக்காத விளம்பரம் இது. சனிக்கெழம வண்டி நிறுத்த எடமில்ல, பாத்தியா? ஒன்னிய யாரு என்ன பண்ணச் சொன்னா? கேட்டா சிரிச்சிக்கினே பேச்ச மாத்து. வந்தவன் வந்ததுக்கு ஒரு மசாஜ் பண்ணிக்கினு போறான்."

"அவன் ஏமாந்து போறான்ண்ணே. போயி அதையும் எழுதறான்."

அதுவும் நடந்தது. நினைத்து வந்தது கிடைக்காதவர்கள் நிலையத்தின் பக்கத்திலேயே எழுதினார்கள். 'மோசமான சேவை. வேம்பு என்பவர் மரியாதை தெரியாதவர். திமிர்.' அதைப் படித்த ராஜாங்கத்தின் முகம் மாறியது. நல்லபடி எழுதியபோது சிரித்தவன், இப்போது வேம்புவைக் கூப்பிட்டு, "கஸ்டமர்கிட்ட கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றான்.

எழுதியவரிடமே கேட்டுவிடுவது என்று வேம்பு முடிவு செய்தாள். அவர் எடுத்துவிட்டால் வேரே போய்விடும் என்று நம்பினாள். ஞாயிற்றுக்கிழமை காலை கோரிமேட்டு பஸ்ஸில் ஏறிப்போய், விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். கலியமூர்த்தி வாசலில் ஹோஸ் குழாயைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வலது கையை நன்றாகத் தூக்கி, தொங்கும் தொட்டிகளுக்கும் விட்டார். வேம்புவுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"ஐயா," என்று கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள்.

அவர் திரும்பினார். முகம் வெளுத்தது. அதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து, "யாருங்க அது?" என்றாள்.

"தெரியல. வீட்டு வேல கேட்டு வந்திருக்கு போல," என்றார் கலியமூர்த்தி. பிறகு வேம்புவைப் பார்க்காமலே, "இங்க ஆள் தேவையில்லம்மா. போ," என்றார்.

"ஐயா, நான் வேல கேட்டு வரல. நீங்க எழுதினத..."

"போம்மான்னா போயேன்! வெடிஞ்சதும் வந்து நின்னுக்கினு..."

அவர் மனைவிக்கு எதுவும் புரியவில்லை, பாவம் பார்த்து, "அவரு காலையில அப்படித்தான் கத்துவாரு. குடிக்கத் தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டாள். வேம்பு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். ஊருக்கெல்லாம் தெரியும்படி அவள் பெயரை எழுதியவர், தன் வீட்டு வாசலில் அவளைத் தெரியாது என்றுவிட்டார். அவருக்கும் யாரோ போன் செய்து கேலி பேசியிருக்க வேண்டும். எது எப்படியோ, அன்று சாயங்காலமே அவர் எழுதியதும் படமும் மறைந்துவிட்டன. அவரும் அதற்குப் பிறகு நிலையத்துக்கு வரவில்லை. ஆனால் குழுவில் போன படம் போனதுதான். உலை வாயை மூடலாம்.

ராஜாங்கம் சும்மா இருக்கவில்லை. வருகிறவர்கள் எதைக் கேட்கிறார்களோ அதை ஏன் கொடுக்கக்கூடாது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. வெளியூரிலிருந்து இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். தமிழ் தெரியாத பெண்கள். யாரிடமும் பேசாமல் கடைசி அறையில் இருந்தார்கள். கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போடப்பட்டது. தேவிப்பிரியா ஒரு நாள் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "நான் நின்னுக்கறேன் சார்" என்று சொல்லிப் படியிறங்கிப் போனாள். போகும்போது வேம்புவிடம், "அக்கா, நீயும் வந்துரு," என்றாள்.

"பாப்பாவுக்குப் பரீட்ச முடியட்டும் தேவி. வேற எடம் பாத்துட்டு நின்னுடறேன்."

வேறு இடமும் பார்க்கத்தான் செய்தாள். ஏறி இறங்கிய இரண்டு இடங்களிலும் பெயரைச் சொன்னதும் மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் செல்போனை எடுத்துப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள்.

போலீஸ் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். வேம்பு எண்ணெயைச் சுடவைத்துக்கொண்டிருந்தாள். பெண் போலீஸ் ஒருத்தி அடுப்பை அணைக்கச் சொன்னாள். எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கீழே இறக்கினார்கள். செருப்புக்கடை வாசலில் அதற்குள் கூட்டம். செல்போன்கள் எல்லாம் தலைக்கு மேலே உயர்ந்து நின்றன. வெளியூர்ப் பெண்கள் இருவரும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்தார்கள்.

"மூஞ்ச மூடிக்கம்மா, போட்டோ எடுக்கறாங்க," என்றாள் பெண் போலீஸ், கொஞ்சம் இரக்கத்தோடுதான்.

"நான் எதுக்கு மூடணும்?" என்றாள் வேம்பு. "நான் ஒண்ணும் பண்ணல."

முகத்தை நிமிர்த்திக்கொண்டு படியிறங்கி வண்டியில் ஏறினாள்.

மறுநாள் பேப்பரில், மசாஜ் நிலையத்தில் சோதனை, உரிமையாளர் கைது, மூன்று பெண்கள் மீட்பு என்று வந்தது. மீட்ட பெண்களைக் காப்பகத்தில் வைத்தார்கள். ரத்த உறவில் யாராவது வந்து கையெழுத்துப் போட்டால்தான் விடுவார்கள். வேம்புவின் அக்கா சின்னப்பாப்பா விழுப்புரத்திலிருந்து வந்தாள். ஆனால் உடனே வரவில்லை. புருஷனைச் சம்மதிக்க வைக்க அவளுக்கு நாள் பிடித்தது. வேம்பு வெளியே வருவதற்குள் ராஜாங்கம் ஜாமீனில் வந்துவிட்டிருந்தான். தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று காப்பகத்தில் கேட்டவர்களிடமெல்லாம் அவள் சொன்னாள். எல்லோரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். அங்கே இருந்த எல்லோருமே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது இனியா மூலையில் புத்தகத்தை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தாள். பரீட்சை பாதி முடிந்திருந்தது. எழுந்து வந்து கட்டிக்கொள்வாள் என்று வேம்பு நினைத்தாள். இனியா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"ஏம்மா மூடிக்கல?"

"என்னாடி?"

"மூஞ்ச. அந்த ரெண்டு பேரும் மூடிக்கினாங்கல்ல. அவங்க யாருன்னு யாருக்கும் தெரியாது. ஒன் மூஞ்சி மட்டும் க்ளாஸ்ல எல்லார் போன்லயும் இருக்கு."

"தப்புப் பண்ணவதான் மூடிக்கணும், இனியா."

"அத யாரும்மா பாக்கறா?" என்று கத்தினாள் இனியா. பிறகு புத்தகத்தில் முகத்தை வைத்து அழுதாள். காப்பகத்தில் அழாதவள் அன்று சமையற்கட்டில் நின்று, சத்தம் வெளியே கேட்காதபடி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

இனியா பரீட்சையில் தேறினாள். நினைத்த மார்க் வரவில்லை. விழுப்புரத்தில் பெரியம்மா வீட்டில் தங்கி நர்சிங் படிக்கப் போனாள். போகும்போது, "காலேஜுக்கு நீ வராதம்மா. நானே வரேன்," என்றாள்.

வேம்பு வம்பாகீரப்பாளையத்து வீட்டைப் பூட்டிவிட்டுக் கோரிமேட்டுக்கு வந்துவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளி மாவட்டங்களிலிருந்து பஸ் பஸ்ஸாக நோயாளிகள் வருகிறார்கள். மாதக்கணக்கில் சுற்றுவட்டாரத்தில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். பக்கவாதத்தில் விழுந்தவர்களைக் குளிப்பாட்ட, புரட்டிப்போட, கைகால் நீவிவிட ஆள் தேடுகிறார்கள். பாண்டியில் அவளைப் பற்றி ஓடும் பேச்சு எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அவளிடம் பெயர்கூடக் கேட்பதில்லை, "அக்கா" என்கிறார்கள். இப்போது ஆதிமூலம் என்கிற திருவண்ணாமலைப் பக்கத்து விவசாயியைப் பார்த்துக்கொள்கிறாள். வாய் கோணிப்போன மனிதர். அவர் பெஞ்சாதி ஒரு நாள், "ஒங்கள மாதிரி ஒருத்தர் எங்கயும் கெடைக்கமாட்டாங்க, நாலு பேருகிட்ட சொல்றேன் பாருங்க," என்றாள். வேம்பு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருகிட்டயும் எதுவும் சொல்லாதீங்கம்மா. ஒங்க புண்ணியமாப் போவும்."

மாதம் ஒரு முறை இனியா வருகிறாள். ஊருக்குள் வருவதில்லை. கோரிமேட்டு எல்லையிலேயே இறங்கிக்கொள்வாள். இருவரும் தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். படிப்பைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு பஸ்ஸுக்கு நிற்பார்கள். போன முறை நிற்கும்போது இனியா கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"என்னாடி, கழுத்தா?"

"ராத்திரியெல்லாம் படிச்சேம்மா. புடிச்சிக்கிச்சி."

வேம்புவின் கை தானாகவே மகளின் பின்கழுத்துக்குப் போயிற்று. கட்டைவிரல் பட்டதும் இனியா சட்டென்று நகர்ந்தாள். நிறுத்தத்தில் நின்ற ஆட்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"இங்க வேணாம்மா."

"சரிடி. போய் வெந்நியில ஒத்தடம் குடுத்துக்க."

விழுப்புரம் பஸ் வந்தது. இனியா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கையசைத்தாள். வேம்புவும் அசைத்தாள். ஆதிமூலத்தைப் புரட்டிப்போட நேரமாகிவிட்டிருந்தது. அவள் வேகமாக நடந்தாள்.