நெற்றி தரையில் படும்போது

விடிகாலை சுபுஹுத் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தேன். பம்மலில் எங்கள் வீடு ராட்டினமாகச் சுற்றியது. விரிப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் நின்றது. மறுபடி சஜ்தாவுக்குக் குனிந்தேன். மறுபடியும் சுற்றியது.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். மாடிவீட்டு அக்கா பித்தம் என்று இஞ்சிச்சாறு கொடுத்தார். பக்கத்துத் தெரு டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதினார். எல்லாரிடமும் 'மயக்கம்' என்று மட்டும் சொன்னேன். சஜ்தாவில் வருகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மா மவுத்தாகி, அடக்கம் செய்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவருக்காக துஆ கேட்கக் குனியும் தலையை அல்லாஹ் தள்ளிவிடுகிறான் என்று நம்பினேன். பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கிறவள்தான் நான். பயம் வந்துவிட்டால் படிப்பெல்லாம் எந்த மூலைக்கு?

"நாற்காலியில உக்காந்து தொழு, அதுக்கு அனுமதி இருக்குல்ல," என்றார் வீட்டுக்காரர். அப்படியே தொழுதேன். மனம் ஒட்டவில்லை.

கடைசியில் கீழ்க்கட்டளையில் ஒரு காது டாக்டரம்மாவிடம் போனோம். "எப்பம்மா சுத்துது? நிக்கறப்பவா, குனியறப்பவா, படுக்கறப்பவா?"

இப்படி யாரும் கேட்டதில்லை. அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலும் வருவது அப்போதுதான் உறைத்தது.

என்னை மேசையில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். மேசை விளிம்புக்கு வெளியே தலை தொங்கியது. கூரை சுழன்றது. "கண்ண மூடாதீங்க," என்று என் விழிகள் துடிப்பதைக் கவனித்தார். காதுக்குள் இருக்கும் பொடித் துகள்கள் இடம் தவறிப் பக்கத்துக் குழாய்க்குள் விழுந்துவிட்டன என்றார். பிறகு தலையை இடப்பக்கம் திருப்பி, உடம்பையும் அந்தப் பக்கமே புரட்டி, நிறுத்தி நிறுத்தி எழுப்பி உட்காரவைத்தார். வைத்தியம் அவ்வளவுதான்.

"இது தண்டனை இல்லையா டாக்டர்?"

"கோலம் போடக் குனியறவங்களுக்கும் வருதும்மா. எத்தனை பேரத் தண்டிக்கறது?"

மறுநாள் விரிப்பைப் போட்டேன். பிடித்துக்கொள்ளத் தயாராக வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். நெற்றியை வைத்தேன். தரை அசையவில்லை. அம்மாவுக்காகச் சேர்த்துவைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை, அழுகைதான் வந்தது. இத்தனை நாள் பயத்தில் அவருக்காக அழக்கூட இல்லை.

"சுத்துதா? ஏம்மா, சுத்துதா?" என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். தொழுகைக்கு நடுவே பதில் சொல்ல முடியாது. தலையைத் தூக்கவும் மனம் வரவில்லை.