கிறிஸ்துமஸ் காலையில் வெடித்த கண்ணாடிப் பாத்திரம்

பாளையங்கோட்டையில் என் சிறுவயது கிறிஸ்துமஸ் காலைகளில், ஆராதனை முடிந்து வந்ததும் ரொட்டியும் ஆட்டுக்கறிக் குழம்பும்தான். அமெரிக்காவில் டெக்சாஸிலுள்ள காப்பெல் நகருக்கு வந்தபின் அந்த ருசிக்கு ஏங்கி, ரொட்டித் துண்டுகளுடன் கொத்துக்கறியை அடுக்கி, முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, ஓவனில் வேகவைக்கும் கேசரோல் செய்யப் பழகினேன். முந்தின நாளே கண்ணாடிப் பாத்திரத்தில் தயாரித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன்.

ஒரு கிறிஸ்துமஸன்று சர்ச்சிலிருந்து திரும்பியதும் நல்ல பசி. சூடேறியிருந்த ஓவனின் கம்பித்தட்டை வெளியே இழுத்து, ஜில்லென்றிருந்த பாத்திரத்தை அப்படியே அதன்மேல் வைத்தேன். என் சின்ன மகள் ஜெனி அருகில் நின்று எட்டிப் பார்த்தாள். அந்த நேரம் ஊரிலிருந்து அக்காவின் வீடியோ கால் வந்தது. “பெரியம்மா!” என்று ஜெனி ஹாலுக்கு ஓடினாள்.

மறுகணம் பாத்திரம் படீரென்று வெடித்தது. அவள் நின்ற இடமெங்கும் கண்ணாடிச் சில்லுகள். எனக்குக் கையில் சிறு கீறல் மட்டும்.

“ஏட்டி, அங்கயும் வெடி போடுதீங்களா?” என்று போனில் அக்கா சிரித்தாள். ஜெனியைக் கட்டிக்கொண்டு நான் அழுவதைப் பார்த்ததும் பதறிவிட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

“பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலல்லா, அழாத. அம்மா குழம்பத் தீயவிட்ட வருசம் நாம ரொட்டியில சீனி தூவித்தானே தின்னோம், மறந்துட்டியா?”

அழுகையோடே சிரித்துவிட்டேன். அன்று எங்களுக்கும் அதே சாப்பாடுதான்.

இப்போது கேசரோலை அலுமினியத் தட்டில்தான் செய்கிறேன். ஓவன் கதவைத் திறக்கும்போது ஜெனியைச் சமையலறைக்குள் விடுவதில்லை. அவளோ கேசரோலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. “மம்மி, கிறிஸ்துமஸ்னா ஷுகர் ப்ரெட்!” என்கிறாள்.