ஓரம் விடாத பக்கம்

என் மகன் லிஃப்ட் மெக்கானிக். ‘டெக்னீஷியன் என்று போடட்டுமா பாட்டி’ என்று, நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் பேத்தி கேட்டாள். வேண்டாம், மெக்கானிக் என்றே எழுது என்றேன். அவன் கை துடைத்த கிரீஸ் துணிகளை இருபத்திரண்டு வருஷம் ஊறவைத்துத் துவைத்தவள் நான். அவன் என்னவென்று எனக்குத் தெரியாதா?

இப்போது அவன் லிஃப்டைத் தொடுவதில்லை. கம்பெனி அலுவலகத்தில் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். எங்காவது இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பொத்தானை அமுக்குவார்கள். அழைப்பு இவனுக்கு வரும். “கதவைத் தள்ளாதீங்க. கீழ உட்காருங்க. லிஃப்ட் விழாது, அதுக்கு பிரேக் தனி. ஆள் கிளம்பியாச்சு, அதுவரைக்கும் என்கூடப் பேசிட்டே இருங்க” என்பான். மேலாளர் ஒருநாள் என்னிடமே சொன்னார்: “உங்க பையன் பேசினா உள்ள இருக்கறவங்க தூங்கியே போயிடுவாங்கம்மா.” பெருமையாகத்தான் சொன்னார். எனக்குப் பெருமைப்பட மனசு வரவில்லை. கருவியோடு சுற்றிக்கொண்டிருந்தவனை நாற்காலியில் உட்கார வைத்தது அவன் கண்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. எதைப் பார்த்தாலும் நடுவில் மட்டும் ஈரத்துணியால் தேய்த்த மாதிரி கலங்கித் தெரிகிறது என்றான். பெரிய டாக்டர் சோதித்துவிட்டு, நடுப்பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், ஓரப்பார்வை பெரும்பாலும் தங்கும் என்றார். அந்த ‘பெரும்பாலும்’ இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? போகும் என்றால் அழலாம், தங்கும் என்றால் சாப்பிடலாம். அந்த டாக்டர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அவனுக்கு சிகரெட் கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே பைத்தியம் மங்கா. ஜப்பான்காரர்கள் போடும் படக்கதைப் புத்தகம். பின்பக்கத்திலிருந்து பிரித்து, வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாகப் பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ லிஃப்டில் விட்டுவிட்டுப் போன ஒன்றை எடுத்துவந்தான். கதையின் முடிவைத் தொடக்கம் என்று நினைத்து முழுவதும் படித்து முடித்துவிட்டு, “செத்தவன் எல்லாம் எழுந்து வர்றான்மா, பயங்கரமா இருக்கு” என்றான். உண்மை தெரிந்த பிறகும் விடவில்லை. அலமாரி நிறைந்தது, பிறகு கட்டிலுக்கு அடியும் நிறைந்தது. தூசி தட்டும் வேலை எனக்கு வந்தது. எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் எந்தப் புத்தகத்தில் யார் முகம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் நான்கு பேர் கூடுவார்கள். இவன், ஒரு கணக்கு வாத்தியார், ஒரு பஸ் டிரைவர், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண். பதினொரு வருஷமாக ஒரே தொடரைப் படிக்கிறார்கள். ஓர் உப்புக்காரி, உறைந்துபோன கடலின்மேல் சறுக்குவண்டியில் உப்பு மூட்டையை இழுத்துக்கொண்டு, காணாமல் போன தம்பியைத் தேடிப் போகிறாள். கூட ஒற்றைக் காது நாய் ஒன்று. கதை அவ்வளவுதான். அதற்கு வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ புத்தகம் வரும், வந்தால் இவர்கள் பேச்சு மாதக்கணக்கில் ஓடும்.

நான்கு பேருக்கும் ஒரே பிரதி. ஆளுக்கு ஒரு வாரம். வழக்கமாகக் கடைசியில் வருவது இவன் கைக்கு. படித்து முடித்ததும் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டூலில் புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பான். கவிழ்த்த பிறகுதான் வாய் திறக்கலாம். அதற்குமுன் யாராவது கதையில் ஒரு வரி சொல்லிவிட்டால், அடுத்த புத்தகத்தில் அவர்கள் முறை கடைசி. டிரைவர் ஒருமுறை “நாய்க்கு ஒண்ணும் ஆகல, கவலைப்படாதீங்க” என்று என்னிடம் கிசுகிசுத்ததற்கே தண்டனை வாங்கினார்.

கவிழ்த்துவிட்டால் வீடு அதிரும். தம்பி செத்துப்போய்விட்டான் என்பது வாத்தியார் கட்சி. உயிரோடு இருக்கிறான் என்பது மருந்துக்கடைப் பெண் கட்சி. என் மகன் காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி. எதிரில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு எதிர்க்கட்சி.

“இருபத்தொன்பதாவது புத்தகத்துல கையுறை மட்டும் கிடைச்சுது. ஒத்தக் கையுறை. அந்தக் குளிர்ல கையுறை இல்லாம ஒருத்தன் எத்தனை நாள் இருப்பான்? கணக்குப் போடு” என்பார் வாத்தியார்.

“எல்லாத்துக்கும் கணக்கு. இன்னொரு கையுறையை ரெண்டு கைக்கும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டான்னு வச்சுக்கோங்க சார்” என்பாள் அந்தப் பெண்.

“நாய்க்குக் கையுறை யார் போட்டா?” என்பார் டிரைவர்.

வாத்தியார் இந்தப் பதினொரு வருஷத்தில் ஒருமுறைகூடத் தோற்றேன் என்று சொன்னதில்லை. சமையல்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கே எரிச்சல் வரும். அப்படிப்பட்ட ஆள்.

முப்பதாவது புத்தகம் வந்தபோது மகனுக்குப் படம் சுத்தமாகப் பிடிபடவில்லை. ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலேயே மூன்று நாள் இருந்தான். நண்பர்களிடம் சொல்லவில்லை. வேலை மாறி அலுவலகத்துக்குப் போனது அவர்களுக்குத் தெரியும், கண் கொஞ்சம் மங்கல் என்பதும் தெரியும், இவ்வளவு என்று தெரியாது. நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டான்.

“அம்மா, எழுத்தைப் போன் படிச்சுச் சொல்லிடும். படத்தை நீ சொல்றியா?”

“உன் பெண்டாட்டிகிட்டக் கேளேன். அவளுக்கு எழுத்தும் தெரியும், படமும் தெரியும்.”

“அவ பக்கத்துக்கு ஒரு பெருமூச்சு விடுவா. கதை காதுல விழாது.”

அது சரிதான். மருமகள் நல்லவள், ஆனால் இவன் தட்டைத் தடவினாலே கண் கலங்கிவிடுவாள். நான் கலங்க மாட்டேன் என்று அவன் நினைத்தான். நினைத்துக்கொள்ளட்டும்.

அவன் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டான். போனைக் காட்டினால் அது எழுத்தைப் படித்தது. நான் புத்தகத்தை மடியில் வைத்துப் படத்தைச் சொன்னேன். அவள் குனிகிறாள், வண்டிக்கயிறு அறுந்திருக்கிறது, நாய் பின்னால் பார்க்கிறது. நடுவில் ஒன்பது பக்கம் எழுத்தே இல்லை, வெறும் படம். போனுக்கு வேலை இல்லை, எல்லாம் என் பொறுப்பு.

“டேய், தம்பி வந்துட்டான்டா” என்றேன்.

படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். “நல்லாப் பாரும்மா.”

“அவனேதான். முன்ன புத்தகத்துல இருந்த தாடியை எடுத்துட்டான். அவ கழுத்துத் துணியைச் சரியாக் கட்டி விடறான். ரெண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடறாங்க. அவ சிரிக்கிறா.”

இந்த உப்புக்காரி சிரித்து நான் பார்த்ததே இல்லை. அதையும் சொன்னேன். என் மகனும் சிரித்தான். அந்த முகத்தைப் பார்த்து எத்தனை மாதம் ஆகியிருக்கும்? இரண்டு நாளில் மிச்சத்தையும் முடித்தோம். அவனே எழுந்து போய், தடவாமல், ஸ்டூலில் புத்தகத்தைக் கவிழ்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டான். “வாத்தியாரே, தோத்தீங்களா? தம்பி வந்து உட்கார்ந்து சாப்பிட்டுட்டே போயிட்டான். இப்ப போடுங்க கணக்கு.”

மருந்துக்கடைப் பெண் கவிழ்ந்திருந்த புத்தகத்தைப் பார்த்தாள். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் டீ தட்டோடு நின்றிருந்தேன். ஏதோ தப்பு என்று தெரிந்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆமாப்பா” என்றார். “நான் தோத்துட்டேன்.”

அந்த ஒரு சொல்லில் என் மகன் முகம் தொங்கிப்போயிற்று. அதற்குப் பிறகு பிஸ்கட்டைப் பற்றிப் பேசினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். சீக்கிரமே கிளம்பினார்கள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டான்: “அம்மா, அந்த ஒன்பது பக்கத்துல கட்டத்தைச் சுத்தி ஓரம் என்ன நிறம்? வெள்ளையா, கறுப்பா?”

எடுத்துப் பார்த்தேன். “கறுப்பு. ராத்திரி போலன்னு நெனச்சேன்.”

“ராத்திரி இல்லம்மா. ஓரம் கறுப்பா இருந்தா பழசு. நடந்து முடிஞ்சது. அவ நெனச்சுப் பாக்கறா.”

அப்போதுதான் தாடி எங்கே போயிற்று என்று எனக்கு விளங்கியது. அவன் தாடியை எடுக்கவில்லை. அவனுக்குத் தாடி முளைக்காத வயசு அது. இத்தனை வருஷம் இந்தப் புத்தகங்களைத் தட்டித் துடைத்திருக்கிறேன், ஓரத்தைப் பார்த்ததில்லையே. ஓரத்தை யார் பார்க்கிறார்கள்?

அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன்.

அதன் பிறகும் அவர்கள் வாரம் தவறாமல் வந்தார்கள். ஆனால் இவன் எதைச் சொன்னாலும் ஒப்புக்கொண்டார்கள். “அண்ணா சொல்றது சரிதான்” என்பாள் அந்தப் பெண். வேண்டுமென்றே ஒருநாள், “அந்த நாய்தான் கதையிலேயே தேவையில்லாத ஆள்” என்றான். டிரைவர் தலையை ஆட்டி, “அப்படியும் சொல்லலாம்” என்றார். அவர்கள் போன பிறகு, “என்னை அடக்கம் பண்ணிட்டாங்கம்மா” என்றான். பாவம் பார்க்கிறவர்களை என்ன சொல்லித் தடுப்பது? வாசலில் நிறுத்தி, என் பிள்ளையோடு சண்டை போடுங்கள் என்று கேட்க முடியுமா? கேட்டும் பார்த்தேன், வாத்தியாரிடம். “சண்டை போடத்தாம்மா வர்றேன். அவன் மூஞ்சியைப் பாத்தா வாய் வரமாட்டேங்குது” என்றார்.

அப்புறம் முப்பத்தொன்றாவது புத்தகம் வந்தது. அதுதான் கடைசி, கதை முடிகிறது. மகன் சொன்னான்: “இதை ஒழுங்காப் படிக்கணும். ஒரு தப்பு இல்லாம. அப்புறம் நான் பேசறப்ப அவங்க எதிர்த்துப் பேசணும்.”

இந்தத் தடவை கண்ணை மூடிப் படுக்கவில்லை. புத்தகத்தைத் தானே பிடித்துக்கொண்டான். அவனுக்கு நடு தெரியாது, ஓரம் தெரியும். முகத்தைக் கொஞ்சம் திருப்பி, பக்கத்துக்குப் பக்கம், “வெள்ளை. இப்ப நடக்குது. சொல்லு” என்பான். “கறுப்பு. பழசு. மெதுவாச் சொல்லு” என்பான். ஓரம் அவன் வேலை, நடு என் வேலை, எழுத்து போன் வேலை. பனிக்கட்டி விரிசல் விட்டது, நாய் நொண்டியது, உப்பு மூட்டை கிழிந்தது. அவள் தம்பியைக் கண்டுபிடித்தாளா என்றால், பனிக்கு அடியில் ஒரு நிழல் மாதிரி. நிழலா அவனா என்று நான் சொல்லவில்லை. “நிழல் மாதிரி இருக்கு” என்று மட்டும் சொன்னேன். நான் ஒருமுறை பட்டது போதும்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். அவன் முகத்தை இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான். புத்தகத்தை ஜன்னலுக்குத் தூக்கினான். 

“அம்மா, ஓரம் தெரியலம்மா.”

நான் பார்த்தேன். பனியும் வானமும் காகித விளிம்பு வரைக்கும் வரைந்திருந்தது. கோடு இல்லை, கட்டம் இல்லை. நடுவில் அவள் சின்னதாக, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“ஓரமே இல்லடா. ஓரம் விடாம வரைஞ்சிருக்கு.”

“சும்மா சொல்லாத.”

“சத்தியமாடா.”

“தம்பி வந்துட்டான்னுகூடத்தான் சொன்ன.” சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். “ஓரமும் போயிடுச்சாம்மா? அதான் இப்படிச் சொல்றியா?”

அவன் விரலைப் பிடித்து விளிம்பில் ஓட்டினேன். மையைத் தடவி என்ன தெரியும்? பழைய பக்கம் ஒன்றைத் திருப்பிக் காட்டினேன். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு திறக்க மறுத்துவிட்டான். எங்கோ யாரோ மாட்டிக்கொண்டால் அவன் என்னென்னவோ சொல்லித் தேற்றுவானே, அதில் ஒரு வார்த்தைகூட என் வாயில் வரவில்லை. அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு எழுத்து தெரிந்திருந்தால் நம்பியிருப்பானோ என்னவோ.

சாயங்காலம் எழுந்துபோய்ப் புத்தகத்தை ஸ்டூலில் கவிழ்த்தான். இந்தத் தடவை தடவித்தான் போனான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முடிந்துபோன கதை என்பதால் எல்லோரும் ஒரு மாதிரி இருந்தார்கள். டிரைவர் மட்டும், நாய் கடைசிப் பக்கத்தில் ஏன் இல்லை என்று முனகினார். என் மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

“கடைசிப் பக்கத்துல ஓரமே விடல” என்றான். “வெள்ளையும் இல்ல, கறுப்பும் இல்ல. அப்படின்னா அது இப்பவும் இல்ல, பழசும் இல்ல. அவளும் செத்துட்டா.”

போனமுறை மாதிரியே டிரைவர் என்னைப் பார்த்தார். அந்தப் பெண் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். 

“விடலதான்” என்றார் வாத்தியார். “அதுக்கு? ஓரம் விடலைன்னா செத்துட்டான்னு எவன் சொன்னான் உனக்கு? முட்டாள்தனமாப் பேசாத.”

“சார் சொல்றதும் தப்பு, அண்ணா சொல்றதும் தப்பு” என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள்.

“நாய் எங்கய்யா?” என்றார் டிரைவர்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். என் மகனும் கத்தினான். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, டீ ஆறிப்போயிற்று. நடுவில் ஒருமுறை அவன் என்னைத் தேடினான். அவன் என்னைப் பார்க்க வேண்டுமானால் எனக்குப் பக்கத்திலிருக்கும் சுவரைத்தான் பார்க்க வேண்டும். சுவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். தெரிந்ததா என்று கேட்கவில்லை.

அடுத்த மாதம் மறுபடியும் டாக்டரிடம் போக வேண்டும்.