சித்தி வாசித்த எதிரணி உரை

என் மேசையில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கோழி அமர்ந்திருக்கிறது. கழுத்தைத் திருகி விட்டால் டிக் டிக்கென்று ஓடி, நேரம் முடிந்ததும் கிணுகிணுக்கும் சமையலறைக் கடிகாரம் அது. விவாத மேடைகளில் நான் வென்ற கோப்பைகள் அதைச் சூழ்ந்து நிற்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் கோப்பைகளை விட்டுவிட்டுக் கோழியைப் பற்றியே விசாரிக்கிறார்கள் என்பது என் நீங்காத மனக்குறை.

கோழி என் சித்தியுடையது. குழந்தைகளுக்கு வரும் நிமோனியாவைத் தடுப்பூசி எவ்வளவு தடுக்கிறது என்பதைக் கெலுகோர் வட்டாரத்தில் இருந்துகொண்டு ஆராய்கிற மருத்துவர் அவர். ஆராய்ச்சி என்றதும் நான் கண்ணாடிக் குழாய்களைக் கற்பனை செய்திருந்தேன். அவரோ வீடு வீடாகப் போய், தரையில் மண்டியிட்டு, பிள்ளையின் சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணிக்கொண்டிருப்பார். நுரையீரலில் கோளாறு என்றால் மூச்சின் வேகமே காட்டிக்கொடுத்துவிடுமாம். பிள்ளை அழுதால் எண்ணிக்கை பாழ். ஆகவே எண்ணுவதற்குக் கையில் துல்லியமான கடிகாரம். பிள்ளை வேடிக்கை பார்ப்பதற்கு எதிரே கோழி. அந்த ஒரு நிமிடம் சுற்றியிருப்பவர்கள் வாய் திறக்கலாகாது. உதவிக்குப் போன என்னை இரண்டாவது வீட்டிலேயே வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார். "நீ மூச்சு விடுறதே மேடைப்பேச்சு மாதிரி இருக்கு. வெளிய நில்லு."

துறைமுகத்துக்கு அருகிலிருந்த ஓர் அடுக்குமாடியில் வினை முளைத்தது. ஊசி போட்டால்தான் இருமல் வருகிறது என்று யாரோ கிளப்பிவிட, பெற்றோர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட மறுத்தார்கள். அந்தக் குடும்பங்கள் விலகினால் சித்தியின் மூன்றாண்டு உழைப்பு பாதியில் நின்றுவிடும். குடியிருப்போர் தலைவர் பொதுமண்டபத்தில் அவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினார். சித்திக்கு மேடைக்கு எழுதிப் பழக்கமில்லை. உரை எழுதும் பொறுப்பை நான் பெருந்தன்மையோடு ஏற்றேன்.

எதிரணியின் வாதத்தை அதன் முழு வலிமையோடு முன்வைத்து, பின்னர் அதைத் தூள்தூளாக்க வேண்டும். நான் பயின்ற மேடையின் முதல் விதி அது. முதல் பக்கம் முழுவதும் எதிரணிக்கே கொடுத்தேன். "ஊசியா நம்மை வளர்த்தது? ஊசியா நம்மைக் காத்தது?" ஏளனம் தெறிக்க முழங்க வேண்டிய வரிகள் அவை. இரண்டாம் பக்கத்தில் இடி இறங்கும்.

சித்திக்கு ஏளனம் வரவில்லை. ஒவ்வொரு வரியையும் ஆய்வு முடிவைப்போல நிதானமாக, தெளிவாக, நம்பிக்கையோடு வாசித்தார். முதல் பக்கத்தின் கடைசி வரியில் மணி அடித்தது. அடித்தவர் தலைவர், துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி, என் போட்டிகளுக்கெல்லாம் நேரக்காப்பாளர். மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது.

"டாக்டரே சொல்லிட்டாங்க பாரு, ஊசி வேணாம்னு!" என்றார் பின்வரிசை அண்ணன் ஒருவர்.

நான் மேடைக்குப் பாய்ந்தேன். தலைவர் கையை நீட்டித் தடுத்தார். "உன் பேரு லிஸ்ட்ல இல்லம்மா. அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷம்தான் லா. இனி கேள்வி நேரம்."

முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஓர் அக்கா எழுந்தார். முகம் வெளிறியிருந்தது. "டாக்டர், போன வாரம்தான் இவனுக்கு ஊசி போட்டேன். அதை எடுத்துட முடியுமா?"

சித்தி காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எந்த நடுவரிடமும் நான் கண்டதில்லை. பிறகு மேடையை விட்டு இறங்கி, அந்த அக்காவின் முன்னால் மண்டியிட்டு, பையிலிருந்து கோழியை எடுத்துக் கழுத்தைத் திருகினார். "ஒரு நிமிஷம். யாரும் பேசாதீங்க."

மண்டபம் முழுவதும் ஒரு சின்ன வயிறு ஏறி இறங்குவதையே பார்த்தது. நானும் பேசவில்லை, என் வாழ்நாளில் அதுவே முதல் சாதனை. கோழி கிணுகிணுத்தது. பிள்ளை சிரித்தான்.

"நல்லா மூச்சு விடுறான். ஊசியால இவனுக்கு ஒண்ணும் ஆகல," என்றார் சித்தி. "நான் படிச்சது என் அக்கா மக எழுதுன எதிர்க்கட்சிப் பேச்சு. என் கட்சி ரெண்டாம் பக்கத்துல இருக்கு. படிக்கவா?"

"ஐயோ, வேணாம் டாக்டர்!" என்று பதறினார் பின்வரிசை அண்ணன். "என் மகளுக்கும் எண்ணிப் பாருங்க. ஃபாரம் எங்க?"

அன்று மாலை வரை வரிசை நின்றது. ஆய்வு பிழைத்தது. என் ஒப்பற்ற இரண்டாம் பக்கத்தை இன்றுவரை யாரும் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் சித்தி கோழியை என் மடியில் வைத்தார். "நீயே வச்சுக்க. வீட்டுல ஓட விட்டு, நேரத்துக்குள்ள பேசி முடிக்கப் பழகு."

சென்ற மாதம் ஓர் இறுதிச் சுற்றில் பேசினேன். கற்ற பாடத்தால் என் அணியின் வாதத்தை முதலில் வைத்தேன். எதிரணியின் பக்கம் திரும்புவதற்குள் மணி அடித்துவிட்டது. எதிரணியைப் பொருட்படுத்தவே இல்லை என்று நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைக்க, கோப்பை கைநழுவியது. வீடு திரும்பிக் கோழியின் எதிரே உட்கார்ந்து சித்திக்குச் செய்தி அனுப்பினேன். பதில் உடனே வந்தது.

"பரவால்ல. யாரும் ஊசிய எடுக்கச் சொல்லலியே."