மைனஸ் எட்டு

செந்தமிழ்ச்செல்விக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் எட்டு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆணா பெண்ணா என்பதே சந்தேகம். தியாகதுருகம் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். பெண் பார்க்க வந்த மூன்று வீட்டார் அந்தத் தடித்த கண்ணாடியைப் பார்த்துவிட்டு, காபியை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார்கள்.

நாலாவதாக மணலூர்பேட்டையிலிருந்து சிவசங்கர் வீட்டார் வந்த அன்று, அவள் அம்மா கொளஞ்சியம்மாள் கண்ணாடியைப் பிடுங்கி பீரோவில் வைத்துவிட்டாள். மங்கலாகத் தெரிந்த முகங்களுக்கு செல்வி காபி நீட்டினாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது சேலத்துக்குப் போய், கண்ணாடியே வேண்டாமென்று கமுக்கமாகக் கண்ணுக்கு லேசர் செய்துகொண்டாள்.

மெஷின் கண்ணை அழுத்திப் பிடித்தபோது எல்லாம் இருண்டது. "அழுத்தத்துல உள்ள ரத்த ஓட்டம் கொறையுது, எடுத்ததும் பார்வை வந்துடும்" என்றார் டாக்டர். வந்துவிட்டது. மறுநாளே தூரத்து பஸ்ஸின் போர்டைப் படித்தாள்.

ஒரு மாதம் கழித்து டாக்டர் இரண்டு படங்களைக் காட்டினார். லேசருக்கு முன்பு, பின்பு. இரண்டிலும் விழித்திரையின் ரத்தக் குழாய்கள் ஒரே மாதிரி மெலிந்து ஓடின.

"லேசர் கண்ணோட முன்பக்கத்தத்தான் சரி பண்ணுச்சு. பின்னாடி ஒண்ணும் மாறல. அதே நீண்டுபோன கண்ணு, அதே மெல்லிசான விழித்திரை. எப்ப வேணா கிழியலாம், வருஷா வருஷம் சொட்டு மருந்து விட்டுப் பாக்கணும்."

திரும்பும் பஸ்ஸில் கொளஞ்சியம்மாள் சொன்னாள்: "அதான் கண்ணாடி போயிடுச்சே, இன்னாத்துக்கு வருஷா வருஷம்? மாப்ள வூட்ல இன்னா சொல்லிட்டு வருவ?"

அந்தச் சொட்டு மருந்து விட்டால் சாயங்காலம் வரை பார்வை தெளியாது. புகுந்த வீட்டில் அதை மறைக்க முடியாது. செல்வி ஐந்து வருடம் போகவே இல்லை. எனக்கு இதை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. பொய்யோடு இருந்து இருந்து மரத்துப்போயிருந்தாள்.

இந்தப் பொங்கல் கழிந்து இடது கண்ணின் ஓரத்தில் மின்னல் அடித்தது. பிறகு கரும்புள்ளிகள் மிதந்தன. பிறகு கீழிருந்து ஒரு நிழல் ஏறியது. யாரிடமும் சொல்லவில்லை. தலையைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் சமைத்தாள், பரிமாறினாள்.

பதிமூன்றாம் நாள் மாமியார் அம்சவள்ளிக்குக் கண்புரை பார்க்க கள்ளக்குறிச்சிக்குத் துணைக்குப் போனாள். கண் ஆஸ்பத்திரியில் இடப்பக்கம் கிடந்த இரும்பு நாற்காலியில் முட்டி விழுந்தாள். டாக்டர் அவளையும் உட்காரவைத்து, சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முன்னாடி கண்ணாடி போட்டிருந்தீங்களா? லேசர் ஏதாவது?"

"இல்ல சார்."

"போட்டிருந்துச்சு சார்" என்றாள் பின்னால் நின்ற அம்சவள்ளி. "பொண்ணு பாக்கப் போனப்பவே மூக்கு மேல ரெண்டு பக்கமும் தழும்பு இருந்துச்சி. காபித் தட்ட எங்கியோ பாத்து நீட்டிச்சி. எனக்குத் தெரியும்."

அழுகை வரும் என்று செல்வி நினைத்தாள். வரவில்லை. "மைனஸ் எட்டு" என்றாள். புகுந்த வீட்டு ஆளின் காதுபட முதல்முறையாக.

விழித்திரை கிழிந்து விலகிவிட்டது என்றார் டாக்டர். இடது கண்ணின் நடுப்பார்வையும் போய்விட்டது. உடனே ஆபரேஷன் செய்தாலும் முழுசாகத் திரும்பாது. மின்னல் தெரிந்த அன்றே வந்திருந்தால், கிழிசல் சின்னதாக இருக்கும்போதே அடைத்திருக்கலாம்.

அம்சவள்ளி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயா சொல்லுவன்னு அஞ்சு வருஷமா பாத்துக்கினே இருந்தேன், செல்வி. நானாவது கேட்டிருக்கணும்."

செல்வி அவளைத் திரும்பிப் பார்த்தாள். மருந்தில் வலது கண்ணும் மங்கியிருந்தது. பெண் பார்க்க வந்த அன்று தெரிந்ததைப் போலவேதான் மாமியாரின் முகம் தெரிந்தது.