புளிக்காத கோகோ

முழங்கால் ஒத்துழைக்காமல் தபால் வேலையை விட்டபோது ஆஃப்யாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. நெதர்லாந்தின் வோர்மர்வேர் ஊரில் எங்களுக்கு அடுத்த வீடு. சும்மா உட்காரத் தெரியாதவள். வீட்டிலேயே கேக் செய்து விற்கத் தொடங்கினாள்.

எங்கள் கல்யாணத்தின் பன்னிரண்டரையாம் ஆண்டு விருந்துக்குத்தான் அவளுடைய முதல் பெரிய சாக்லேட் கேக்; இருபத்தைந்தில் பாதி என்று அதையும் கொண்டாடுவது இங்கே வழக்கம். அமெரிக்காவில் குடியேறிய தங்கை கிரீட்யே அனுப்பிய செய்முறை. விருந்துக்கு முந்தின நாள் மதியம் ஒன்றைச் சுட்டுப் பார்த்தாள். அது எழும்பவே இல்லை. ஒரு துண்டை வாயில் போட்ட புருஷன் மைன்டெர்ட் முகத்தைச் சுளித்தான்.

"இத தின்னுறதவிட தேச்சுக் குளிக்கலாம்டீ. சோப்பு மாதிரியே இருக்கு."

அவளுக்கு அழுகை முட்டியது. தங்கையை போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, உன் கோகோ என்ன நிறம்?"

"கரும்பழுப்பு. வேற என்ன நிறத்துல இருக்கும்?"

"இங்க வெளிறிப்போய் இருக்கும். துளி நாக்குல வச்சுப் பாரு, புளிக்குதா?"

வைத்துப் பார்த்தாள். கசந்தது, புளிப்பு துளியும் இல்லை.

"அதான் விஷயம். புளிப்பு இருந்தாத்தானே சமையல் சோடா பொங்கும்! இல்லன்னா சோடா அப்படியே தங்கி சோப்பு வாடை அடிக்கும்."

கோகோ ஆலையிலேயே வேலை பார்க்கும் மைன்டெர்ட் பக்கத்திலிருந்து தலையாட்டினான். "ஆமா, அந்தப் புளிப்ப எடுக்கத்தானே நாங்க காரக் கரைசல் ஊத்துறோம். நிறமும் அதுலதான் கறுக்குது."

"அடப்பாவி! இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"கேக்கு சுடுறவ நீ. கேட்டாத்தானே சொல்லுவேன்!"

துணியை அவன் மேல் விட்டெறிந்தாள். ஆனால் சிரித்துவிட்டாள்.

அன்றே இரண்டு கேக் சுட்டாள். ஒன்றில் சோடாவை விட்டுவிட்டு பேக்கிங் பவுடர் போட்டாள். அதிலேயே புளிப்பும் சேர்ந்திருக்கிறது. இன்னொன்றில் சோடாவே இருக்கட்டும் என்று, பாலுக்குப் பதில் மோர் ஊற்றினாள். இரண்டும் எழும்பின. மோர் கேக் கொஞ்சம் கூடுதல் மெத்தென்று இருந்தது. அதையே மறுநாள் எங்கள் மேசைக்குக் கொண்டுவந்தாள்.

நான் இரண்டாவது துண்டு கேட்டபோது, "கொஞ்சம் இரு, மத்தவங்களும் சாப்பிடட்டும்" என்று அதட்டினாள். என் மாமியார் அப்போதே தன் பிறந்தநாளுக்கு ஒன்று சொல்லிவைத்தார்.

கிரீட்யே பிறகு ஒரு பொட்டலம் வெளிறிய கோகோ அனுப்பினாள். இப்போது ஆஃப்யாவின் அலமாரியில் இரண்டு வகையும் உண்டு. புதிதாக எதைச் செய்தாலும் முதலில் கோகோவில் துளி எடுத்து நாக்கில் வைக்கிறாள். அடுத்த மாதம் சனிக்கிழமைச் சந்தையில் கடை போடப் போகிறாள். மேசை தூக்க மைன்டெர்ட் வருகிறான்.